ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்!

"காஸ்மெட்டிக் க்ரீம் நல்லதா டாக்டர், இல்ல மெடிக்கல் ஷாப்புல விக்கிறது நல்லதா?"

வாரத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் கேட்கிற கேள்வி இது. கல்லூரிக்குப் போகும் பெண், கல்யாணத்துக்கு நாள் குறித்த வீட்டு அம்மா, ரிட்டயர் ஆன பெரியவர், முகப்பருவோடு வரும் ப்ளஸ் டூ பையன்... எல்லோருக்கும் இதே சந்தேகம்தான். சித்த வைத்தியரிடம் கேட்டால் "இரண்டுமே வேண்டாம்மா, கடலை மாவு போடு" என்று சொல்வார் என எதிர்பார்த்தும் சிலர் வருவதுண்டு. நான் அப்படிச் சொல்வதில்லை.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்கிற கடையைப் பார்த்து ஒரு பொருளை எடை போடாதீர்கள். ஆரோக்கியமான தோலுக்கு மருந்து தேவையில்லை. நோய் வந்த தோலுக்கு அழகு சாதனம் போதாது. நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. நல்ல முகத்துக்கு மருந்தைப் பூசிக் கெடுத்துக்கொள்கிறோம். நோய் வந்த இடத்தில் வாசனைக் க்ரீமைத் தடவி நாளைக் கடத்துகிறோம்.

சட்டம் போட்ட கோடு

நம் நாட்டில் இதற்கென்று மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டம் இருக்கிறது. சுத்தம் செய்ய, அழகுபடுத்த, தோற்றத்தை மாற்ற என்று உடம்பின் மேல் தேய்ப்பதும் பூசுவதும் தெளிப்பதும் அழகு சாதனம். நோயைத் தீர்க்க, தணிக்க, தடுக்க என்று கொடுப்பது மருந்து. இவ்வளவுதான் அந்தக் கோடு.

இதை மனதில் வைத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப் அலமாரியைப் பாருங்கள். அங்கே இருக்கும் மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன், ஃபேஸ் வாஷ் பலவும் அழகு சாதன லைசென்ஸில் தயாரானவை. டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் அவை அழகு சாதனமே. வெள்ளை டப்பா, பச்சை எழுத்து, டாக்டர் கோட்டு போட்ட மாடல் படம் எல்லாம் வந்துவிட்டதால் மருந்தாகிவிடாது. 'காஸ்மெசூட்டிகல்', 'டெர்மா' என்றெல்லாம் போடுகிறார்களே, அப்படி ஒரு மூன்றாவது ஜாதி நம் சட்டத்தில் கிடையாது. அதனால் அவை மோசம் என்று அர்த்தமில்லை. மெடிக்கலில் வாங்கினோம் என்பதற்காக மூன்று மடங்கு விலை கொடுத்துப் பெருமைப்பட வேண்டாம் என்கிறேன்.

இன்னொரு பக்கம், அதே அலமாரியில் நிஜமான மருந்துகளும் இருக்கின்றன. ட்யூபின் மேல் மூலையில், ஆங்கில 'ஆர்' எழுத்தின் காலில் குறுக்குக் கோடு போட்ட ஒரு குறி இருக்கும். கூடவே, டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் பொடி எழுத்தில் இருக்கும். அந்தக் குறியைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். அது உங்களுக்கென்று ஒருவர் எழுதித் தந்தால் மட்டும் வாங்க வேண்டியது. மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு, நாள் கணக்கு உண்டு, நிறுத்துகிற தேதியும் உண்டு.

முதலில் உங்கள் தோலைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு சின்ன சோதனை. மிதமான சோப்பால் முகத்தைக் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் இருங்கள். ஃபேன் காற்றுக்கு நேராக உட்கார வேண்டாம். பிறகு மெல்லிய டிஷ்யூ பேப்பரை நெற்றி, மூக்கு, கன்னம் என்று தனித்தனியாக ஒற்றிப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் எண்ணெய் ஒட்டினால் எண்ணெய்ப் பசைத் தோல். எங்கேயும் ஒட்டாமல், முகம் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தால் வறண்ட தோல். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய், கன்னத்தில் வறட்சி என்றால் கலப்புத் தோல். நம் ஊரில் இப்படிப்பட்ட முகங்கள் ஏராளம். எண்ணெயோ வறட்சியோ எதுவானாலும், எதைப் போட்டாலும் எரிகிறது, சிவக்கிறது என்றால் அது எளிதில் சினக்கிற தோல்.

சித்த மருத்துவத்தில் இதை உடல்வாகோடு சேர்த்துப் பார்ப்போம். வாத உடலினருக்கு வறட்சி அதிகம். பித்த உடலினருக்குச் சூடு, சிவப்பு, வியர்வை. கப உடலினருக்கு வழவழப்பும் பிசுபிசுப்பும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு கலந்திருக்கும்.

ஒரு விஷயம்... தோல் வகை ஜாதகம் மாதிரி பிறந்த அன்றே எழுதப்பட்டதல்ல. பதினேழு வயதில் எண்ணெய் வழிந்த முகம் ஐம்பதில் வறளும். சித்திரையில் பிசுபிசுத்தது மார்கழியில் வெடிக்கும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் தோல் காய்ந்துபோகும். ஆகவே பத்து வருஷத்துக்கு முன் ஒத்துக்கொண்ட க்ரீம் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை.

எதற்கு எது?

*வறண்ட தோல்:* இவர்களுக்கு விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை. குளித்துத் துவட்டி, ஈரப்பதம் முழுக்கக் காயும் முன்பே மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள். ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுதான் அதன் வேலை. காய்ந்த பிறகு தடவுவது, தண்ணீர் போன பிறகு அணை கட்டுகிற கதை. கை கால்களுக்கு வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியே போதும். கிளிசரினை அப்படியே பூசாமல் தண்ணீரிலோ பன்னீரிலோ கலந்து பூசுங்கள். குதிகால் வெடிப்புக்கு மெடிக்கலில் யூரியா கலந்த க்ரீம் கிடைக்கும். நல்ல பலன் தரும். ஆனால் ஆழமான பிளவு, ரத்தக் கசிவு இருக்கும் இடத்தில் போட்டால் எரியும். சர்க்கரை உள்ளவர்கள் குதிகால் வெடிப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

*எண்ணெய்ப் பசைத் தோல்:* நாளுக்கு ஆறு தரம் சோப்புப் போட்டுக் கழுவும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். இரண்டு தரம் போதும். தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்ணாகுமே தவிர பரு குறையாது. கெட்டியான க்ரீம் வேண்டாம். ஜெல் அல்லது லோஷன் வடிவில் வாங்குங்கள். 'நான் காமெடோஜெனிக்' என்று போட்டிருந்தால் துவாரத்தை அடைக்காது என்று தயாரிப்பாளர் சொல்கிறார் என்று பொருள். சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபேஸ் வாஷ் இவர்களுக்குப் பொருந்தும். முகத்தில் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். உடம்புக்கு நல்லதாக இருக்கும் அதே எண்ணெய், பரு வருகிற முகத்தில் துவாரத்தை அடைத்துப் பருவைக் கூட்டும்.

பரு அதிகமாகி, சீழ் கோர்த்து, தழும்பு விழ ஆரம்பித்துவிட்டதா? அப்போது அது மருந்தின் வேலை. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்றவற்றை டாக்டர் எழுதித் தருவார். முதலாவது பட்ட இடத்தில் துண்டும் தலையணை உறையும் வெளுத்துப்போகும். பழைய துணியை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பலன் காட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும். "பத்து நாள் போட்டேன், ஒண்ணும் ஆகலை" என்று தூக்கிப் போடுகிறவர்களே அதிகம். அடாபலீன், ட்ரெட்டினாயின் வகை மருந்துகளைக் கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் தொடக்கூடாது. இதைச் சொல்லாமல் விற்கிற கடையில் வாங்காதீர்கள்.

*கலப்புத் தோல்:* ஒரே முகத்துக்கு இரண்டு பொருள் வாங்கலாமா என்று தயங்காதீர்கள். கன்னத்துக்கு மட்டும் மாய்ஸ்சரைசர், நெற்றிக்கும் மூக்குக்கும் கொஞ்சமாக ஜெல். அவ்வளவுதான்.

*எளிதில் சினக்கிற தோல்:* இவர்களுக்கு எதிரி வாசனை. 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று போட்டதை வாங்குங்கள். 'அன்சென்டட்' என்றால் மணம் தெரியாது என்றுதான் அர்த்தம். மணத்தை மறைக்கவே வேறொரு வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். 'ஹைப்போ அலர்ஜெனிக்', 'டெர்மடாலஜிஸ்ட் டெஸ்டட்' என்ற வார்த்தைகளை நம்பி ஏமாறாதீர்கள். உங்கள் தோலுக்கு அவை உத்தரவாதம் அல்ல. எந்தப் புதுப் பொருளையும் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு சின்ன இடத்தில், தினம் இரண்டு தரம், ஒரு வாரம் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்கு வாருங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் புது ஃபேஷியல் செய்துகொண்டு, மணவறையில் சிவந்து வீங்கிய முகத்தோடு உட்கார வேண்டாம்!

சோப்பு உறையில் ஒரு எண்

சோப்பு வாங்கும்போது விளம்பரத்தில் வருகிற நடிகையைப் பார்க்கிறோம். உறையில் இருக்கும் 'டி.எஃப்.எம்.' எண்ணைப் பார்ப்பதில்லை. சோப்பில் இருக்கும் மொத்தக் கொழுப்புப் பொருளின் சதவீதம் அது. இந்தியத் தர நிர்ணயப்படி குளியல் சோப்பில் முதல் தரத்துக்கு 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 சதவீதம் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். 'பேத்திங் பார்' என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும். வறண்ட தோல்காரர்கள் 76-க்கு மேல் உள்ளதையே வாங்குங்கள்.

எந்தச் சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான். அதன் பி.ஹெச். அளவு 9, 10 என்று இருக்கும். நம் தோலோ 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை கொண்டது. அதனால்தான் குளித்தவுடன் தோல் இழுக்கிறது. மெடிக்கலில் 'சின்டெட் பார்' என்று விற்பது சோப்பே அல்ல. தோலின் அமிலத்தன்மைக்குப் பக்கத்தில் இருக்கும்படி தயாரிப்பது. அதில் டி.எஃப்.எம். எண் தேட வேண்டாம், இருக்காது. கரப்பான் உள்ள குழந்தைக்கும், மார்கழியில் அரித்து அரித்துத் தூங்காத தாத்தாவுக்கும் இந்த வகைக்குக் கொடுக்கிற காசு வீணில்லை. சாதாரணத் தோல் உள்ளவர்களுக்கு நல்ல சோப்பே போதும்.

வெயிலுக்குக் குடை

நம் ஊர் வெயிலுக்கு ஒரே ஒரு அழகு சாதனம் மட்டும் வாங்க முடியும் என்றால், சன்ஸ்க்ரீன் வாங்குங்கள் என்பேன். எஸ்.பி.எஃப். 30 என்றால் தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அளவு முக்கியம். ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் நீளவாக்கில் பிதுக்கினால் வருகிறதே, அந்த அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். கடுகளவு தொட்டு வைத்தால் எஸ்.பி.எஃப். 50 கூட 10 ஆகிவிடும். குடையும் தொப்பியும் அதைவிட மலிவு என்பதை மறக்க வேண்டாம்.

மருந்தே வில்லனாகும்போது

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

முகத்தில் லேசாகக் கருமை, நாலு பரு. மெடிக்கல் ஷாப்பில் போய் "தம்பி, முகம் பளிச்சுனு ஆக ஒரு க்ரீம் குடுப்பா" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் ஒரு சின்ன ட்யூப் தருகிறார். விலையும் குறைவு. ஐந்தாறு நாளில் பரு அமுங்குகிறது, நிறம் வெளுக்கிறது, முகம் மின்னுகிறது. "ஆயிரம் ரூபாய் க்ரீம் செய்யாததை இது செஞ்சுடுச்சே!" என்று அக்காவுக்கும் ஓர்ப்படிக்கும் சிபாரிசு செய்கிறார்கள்.

அந்த ட்யூபில் இருப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. அது ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, வீக்கத்தை அமுக்குகிறது. அதனால் உடனடி வெளுப்பு. மாதக்கணக்கில் போடும்போது தோல் மெலிகிறது. கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி ரத்தக் குழாய்கள் தெரிகின்றன. பெண்களுக்கும் முகத்தில் முடி வளர்கிறது. பருக்கள் முன்பைவிட மோசமாகக் கிளம்புகின்றன. வெயிலில் நின்றால் தீப்பட்ட மாதிரி எரிகிறது. சரி, நிறுத்திவிடலாம் என்றால் முகம் இன்னும் சிவந்து வீங்குகிறது. பயந்துபோய் மறுபடி அதே ட்யூபை எடுக்கிறார்கள். குடிப்பழக்கம் மாதிரி இதுவும் விடாது.

இது ஏதோ ஒன்றிரண்டு பேர் கதை இல்லை. 2011-ல் இந்தியத் தோல் மருத்துவர்களின் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பல ஊர்களில் முகத்தில் தோல் கோளாறு என்று வந்த 2,926 பேரைப் பார்த்ததில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர்! 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன்... இந்தப் பெயர்களில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. மொமெட்டசோனோடு ஹைட்ரோக்வினோன், ட்ரெட்டினாயின் இரண்டும் சேர்ந்து மூன்று மருந்துக் கூட்டாகவும் வரும். மங்கு என்கிற கன்னக் கருமைக்கு, சில வாரங்கள் மட்டும், டாக்டர் மேற்பார்வையில் போட வேண்டிய மருந்து அது. அதைத் தினசரி ஃபேர்னஸ் க்ரீமாக வருஷக்கணக்கில் போடுகிறார்கள்.

படர்தாமரைக்கும் இதே கதைதான். தொடை இடுக்கில் அரிப்பு என்றால் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த ட்யூப். அரிப்பு இரண்டு நாளில் நிற்கும். பூஞ்சையோ உள்ளே குஷியாகப் பரவும். வீட்டில் எல்லோருக்கும் ஒட்டும்.

ஸ்டீராய்டைத் திட்டுவது என் நோக்கமில்லை. கடுமையான கரப்பானுக்கு, சரியான ஆள் சரியான நாள் வரை கொடுத்தால் அது உயிர் கொடுக்கும் மருந்து. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அளவே இல்லாமல் போடுகிற மருந்தை என்ன சொல்ல? ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டு வருகிறவர்கள் இதைப் படித்துப் பதறி நாளைக்கே நிறுத்தவும் வேண்டாம். ட்யூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

முகவரி இல்லாத டப்பா

ஸ்டீராய்டாவது ட்யூபில் எழுதியிருக்கும். எழுதாமல் வருகிறதும் உண்டு. பாதரசம் கலந்த வெள்ளை க்ரீம்கள்!

கேரளாவின் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பதிவு செய்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் ஓர் அபூர்வ வகை. அந்த 15-ல் 13 பேர், நோய் வருவதற்கு முன் சிவப்பழகுக் க்ரீம் பூசியவர்கள். பூசியது முகத்தில், பழுதானது சிறுநீரகம்! பாதரசம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். பூசுகிறவர் மட்டுமல்ல, அவர் துண்டையும் தலையணையையும் பகிர்கிற குழந்தைக்கும் ஆபத்துதான்.

சித்த மருத்துவத்தில் பாதரசத்துக்குப் பெரிய இடம் உண்டு. குணபாட வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவதே, சுத்தி முறை தெரியாமல் அதைத் தொடாதே என்பதுதான். அப்படிப்பட்ட பொருளை எவனோ ஒருவன் க்ரீமில் கலந்து, தயாரித்த ஊர் பேர் இல்லாமல் டப்பாவில் அடைத்து விற்கிறான். நாம் காலையும் மாலையும் பூசுகிறோம். மெர்க்குரி, கலோமெல் என்ற பெயர் லேபிளில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், லைசென்ஸ் எண், காலாவதித் தேதி இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மச்சான் துபாயிலிருந்து கொண்டு வந்தார் என்பதெல்லாம் பதிவு எண் ஆகாது.

ஏற்கெனவே இப்படி ஒரு க்ரீம் பூசுகிறவர்களுக்குக் கால் வீக்கமோ, சிறுநீரில் நுரையோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் போய், க்ரீம் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

நம் வீட்டுக் குறையையும் சொல்ல வேண்டும்

"அதுக்குத்தான் டாக்டர் நாங்க மூலிகைதான் போடறோம், சைடு எஃபெக்டே இல்ல" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூலிகை வேலை செய்கிறது என்றால் அதற்கு விளைவும் உண்டு, பக்க விளைவும் உண்டு.

கார்போகரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். குளியல் பொடியில் வாசனைக்காகவும் அரிப்புக்காகவும் சேர்க்கிறார்கள். அதே கார்போகரிசியை வெண்புள்ளிக்கு நாங்கள் மருந்தாகப் பயன்படுத்துகிறோம். எப்படி? பூசிவிட்டு வெயில் காட்டச் சொல்லி. அதில் உள்ள சத்து வெயில் பட்டதும் தோலில் நிறத்தைத் தூண்டும். அளவு கூடினால் கொப்புளமே வரும். அதை முகத்தில் பூசிக் குளித்து, சரியாகக் கழுவாமல் டூ வீலரில் வெயிலில் போனால் முகம் வெளுக்குமா, கறுக்குமா? நீங்களே சொல்லுங்கள். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போவதும் இதே வம்புதான்.

நலங்கு மாவு எண்ணெய்ப் பசைத் தோலுக்கு நல்லது. பாசிப்பயறு எண்ணெயை உறிஞ்சும். வறண்ட தோலுக்குத் தினமும் போட்டால் இருக்கிற கொஞ்சப் பசையும் போய்விடும். அவர்கள் பாலாடையில் குழைத்து, வாரம் ஒரு முறை போடட்டும். மிக்ஸியில் அரைத்த மாவை அப்படியே தேய்க்காமல் துணியில் சலித்து எடுங்கள். இதை நாங்கள் வஸ்திரகாயம் என்போம். கொரகொரப்பாகத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும்.

வெட்பாலைத் தைலம், அருகன் தைலம் போன்றவை மருந்துகள். காளாஞ்சகப்படைக்கும் கரப்பானுக்கும் நோயைப் பார்த்துக் கொடுப்பது. முகம் மினுமினுக்க என்று வாங்கிப் பூசுவதற்கல்ல. சித்தா, ஆயுர்வேதா என்று போட்ட பொருளாக இருந்தாலும் லைசென்ஸ் எண்ணும் சேர்மானப் பட்டியலும் பாருங்கள். 'ரகசிய மூலிகை' என்று சொல்லி விற்கும் க்ரீமை, நான் சித்த வைத்தியன் என்ற முறையிலேயே சொல்கிறேன், தொடாதீர்கள்.

க்ரீம் போடக்கூடாத இடங்கள்

சில மாற்றங்கள் தோல் வகை சம்பந்தப்பட்டவையே அல்ல. அவை உடம்பு அனுப்புகிற தந்தி.

* பிடரியிலும் அக்குளிலும் கறுத்துத் தடித்து வெல்வெட் மாதிரி இருந்தால் அது அழுக்கல்ல. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துப் பிள்ளையை அழ வைக்காதீர்கள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். எடையையும் சர்க்கரையையும் பாருங்கள்.

* மூக்கோரத்திலும் புருவத்திலும் மஞ்சள் செதில் உதிர்கிறதா? அதை வறட்சி என்று நினைத்து எண்ணெய் தடவினால் அதிகமாகும். பெரும்பாலும் பொடுகு சம்பந்தப்பட்டது. தலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

* வெளிறிய படை, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவு என்றால் ஒருநாளும் க்ரீம் பூசி மறைக்காதீர்கள். தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம். முழுக்கக் குணமாகிற நோய். தாமதித்தால்தான் கை கால் பாதிக்கும்.

* வடிவமும் நிறமும் மாறுகிற மச்சம், மாதக்கணக்கில் ஆறாத புண் என்றால் எந்தக் கடைக்கும் போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

கடையில் ஐந்து கேள்விகள்

பணம் கொடுக்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்:

1. எனக்கு வேண்டியது அழகா, சிகிச்சையா?
2. இது அழகு சாதனமா, மருந்தா? குறுக்குக் கோடு போட்ட அந்தக் குறி இருக்கிறதா?
3. என் தோல் வகைக்கு இது பொருந்துமா?
4. சேர்மானத்தில் என்ன இருக்கிறது? அழகு சாதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில் போட வேண்டும் என்பது விதி. முன் பக்கத்தில் குங்குமப்பூ படம் போட்டு, பட்டியலில் அது கடைசியில் இருந்தால் உங்களுக்கே விஷயம் புரிந்துவிடும்.
5. மருந்து என்றால், என்றைக்கு நிறுத்த வேண்டும்?

இந்த ஐந்தாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்த மருந்தையும் முகத்தில் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று

மெடிக்கல் ஷாப்பையும் கம்பெனிகளையும் குறை சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த ட்யூபைத் தேடிப் போகச் சொல்வது நாம்தானே? 1975-ல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. கம்பெனி பெயரை மாற்றிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் "பொண்ணு என்ன கலர்?" என்று கேட்பதை மாற்றினார்களா? "கொஞ்சம் கறுப்புதான், ஆனா களையா இருப்பா" என்று பெற்றவர்களே மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொல்வதை மாற்றினோமா? பிறந்த குழந்தையின் காது மடலைப் பார்த்து நிறம் கணிக்கும் பாட்டி, பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு "வெயில்ல விளையாடாதே" என்று சொல்லும் அத்தை, இவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளையை மெடிக்கல் ஷாப் வாசலில் கொண்டு போய் நிறுத்துகிறோம்.

நிறத்தைத் தரும் செல்களின் எண்ணிக்கை சிவப்பானவருக்கும் கறுப்பானவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு நிறமியைத் தயாரிக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். இந்த வெயில் பூமியில் அந்த நிறமி நமக்குக் கவசம். கவசத்தைச் சுரண்டி எடுக்கிற எந்தப் பொருளும் நல்லதைச் செய்யப்போவதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு அலமாரி, பாத்ரூம், பிள்ளைகளின் பை எல்லாவற்றிலும் இருக்கும் ட்யூப், டப்பா அனைத்தையும் எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் படியுங்கள். அழகு சாதனம் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், முகவரி இல்லாதது ஒரு பக்கம் என்று பிரியுங்கள். மூன்றாவது குவியல் குப்பைக்கு. இரண்டாவது குவியலோடு டாக்டரிடம் போங்கள். முதல் குவியலில் உங்கள் தோல் வகைக்குப் பொருந்துவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு சோப்பு, ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்க்ரீன்... மூன்றோடு கணக்கு முடிந்துவிடும். மிச்சமாகிற பணத்தில் வீட்டுக்குப் பழம் வாங்குங்கள்!